இயல்பா, பழக்கமா? ஆண், பெண் நடத்தை வேறுபாடு குறித்த எங்கள் நிலைப்பாடு

போட்டியும் தலைமையும் பெண்களின் இயல்புக்கு ஒத்துவராது என்று சொல்லி வேலையையும் பதவியையும் பங்கிடும் வழக்கத்தை எங்கள் அமைப்பு ஏற்கவில்லை. ஆணும் பெண்ணும் பல இடங்களில் வேறுவேறாக நடந்துகொள்வதை நாங்கள் மறுக்கவில்லை. அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு, சமூகம் அவர்களுக்கு ஒதுக்கிய பொறுப்புகளிலிருந்து வருகிறது என்கிறோம். சமூகப் பங்குக் கோட்பாட்டை 1987இல் நூலாக முன்வைத்த உளவியலாளர் ஆலிஸ் ஈக்லியின் வாதமும் இதுவே. செய்துவரும் வேலை அதற்கேற்ற குணத்தை வளர்க்கிறது. ஊரார் அதைப் பிறவிக்குணம் என்று நம்பி, அடுத்த தலைமுறைக்கும் அதே வேலையைக் கொடுக்கிறார்கள்.

2009இல் வெளியான ஓர் ஆய்வில், தான்சானியாவின் மாசாய் மக்களும் மேகாலயாவின் காசி மக்களும் பந்தை வாளிக்குள் எறிந்தார்கள். விழும் ஒவ்வொரு பந்துக்கும் நிச்சயமான பணம் பெறலாம். அல்லது எதிராளியோடு போட்டியிட்டு, வென்றால் மும்மடங்கு பெறலாம். ஆணாதிக்கம் மிகுந்த மாசாய் சமூகத்தில் போட்டியைத் தேர்ந்த ஆண்கள், பெண்களைவிட ஏறத்தாழ இருமடங்கு. குலம் தாய்வழியில் தொடரும், குடும்பச் சொத்து கடைசி மகளுக்குச் சேரும் காசி சமூகத்தில் பெண்களே ஆண்களைவிட அதிகம் போட்டியிட்டார்கள்.

உடலுக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மகப்பேறும் உடல்வலிமையும் பண்டைய வேலைப் பிரிவினைக்கு வழிவகுத்ததை ஈக்லியும் ஏற்கிறார். ஆனால் உடலை மட்டும் காரணமாக்கினால் காசிப் பெண்களின் தேர்வை விளக்க முடியாது. அவ்விரு சமூகங்களுக்கும் இடையே வேறு வேற்றுமைகளும் இருக்குமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதற்கு ஒரே மாவட்டத்துக்குள் விடை இருக்கிறது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில், பெண்களுக்கான ஊராட்சித் தலைவர் இடங்கள் யாருடைய விருப்பத்துக்கும் இடமில்லாமல் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்பட்டன. அங்கே 495 கிராமங்களில் நடந்து 2012இல் வெளியான ஆய்வின்படி, இரண்டு தவணை பெண் தலைமையைக் கண்ட ஊர்களில், எதிர்காலம் பற்றிய பதின்வயதினரின் கனவுகளில் இருந்த ஆண், பெண் இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. படிப்பில் இருந்த இடைவெளி மறைந்தது. பெண்பிள்ளைகள் வீட்டுவேலையில் செலவிட்ட நேரமும் சுருங்கியது.

ஆகவே, பெண்கள் முன்வருவதில்லை என்பதைப் பதவி மறுக்கும் காரணமாக எந்த நிறுவனமும் காட்டக் கூடாது. பீர்பூமில் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது இரண்டு தவணைகளுக்குப் பிறகுதான். எனவே, ஓர் ஊராட்சியில் பெண்களுக்கு ஒதுக்கிய தலைவர் பதவியைத் தொடர்ந்து இரண்டு தவணைக்காவது சுழற்சியில் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்று கோருகிறோம்.