குடல் நோயும் "வைத்த மருந்தும்"

ஒருவனுக்கு மாதக்கணக்கில் வயிறு வலித்து, சீதமும் இரத்தமுமாய்ப் போய், உடம்பு இளைத்துவிட்டால், நம் மக்களில் பலருக்கு முதலில் தோன்றுகிற காரணம், "யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்" என்பதேயாகும். அந்தப் பழி பெரும்பாலும் வீட்டுக்கு வந்த மருமகள் தலையில் விழும். வயிற்றிலிருந்து அம்மருந்தை எடுத்துக் காட்டுவதாகச் சொல்லிப் பணம் பறிக்கிறவனும் தயாராயிருப்பான். அவன் தன் கூற்றை என்றைக்காவது சோதனைக்கு விட்டதுண்டா என்று கேட்கின்றோம்.

காரணம் இன்னதென்று சொல்லுகிறவன், அதை நீக்கினால் நோய் நிற்பதையும், திரும்பச் சேர்த்தால் நோய் திரும்புவதையும் காட்ட வேண்டாமா? கிரோன் நோய் என்னும் குடல் அழற்சி விஷயத்தில் பெல்ஜியம் நாட்டு லூவன் நகர மருத்துவர்கள் அதைத்தான் செய்தார்கள். இந்நோயில் சிறுகுடலின் கெட்ட பாகத்தை வெட்டியெடுத்து மிச்சத்தைத் தைத்தாலும், தைத்த இடத்துக்கு மேலேயே நோய் மறுபடி வருவது வழக்கம். அவர்கள் 5 நோயாளிகளுக்கு, தைத்த இடத்துக்கு மேலே குடலைத் திறந்து, உள்ளே ஓடுவதை வயிற்றுக்கு வெளியே திருப்பிவிட்டார்கள். 6 மாதம் சென்று பார்த்ததில் ஒருவருக்கும் புண் இல்லை. ஓட்டத்தைப் பழையபடி சேர்த்தார்கள். மறு 6 மாதத்தில் ஐவருக்கும் நோய் திரும்பிற்று. இது 1991இல் வெளியாயிற்று. 1998இல் வெளியான மற்றொரு சோதனையில், அப்படி ஓய்ந்திருந்த குடலுக்குள் அந்நோயாளியின் குடற்சாரத்தையே செலுத்தினார்கள். 8 நாளில் அழற்சி தொடங்கிவிட்டது.

அந்தச் சாரத்தில் இருப்பது எவரும் வைத்த மருந்தல்ல. உணவின் மிச்சமும், பித்தநீரும், கோடானுகோடி கிருமிகளுமேயாகும். இந்நோய்க்கு இலக்காகும்படி பரம்பரைக்கூறு மாற்றப்பட்ட எலிகளைக் கிருமியே அண்டாத கூண்டில் வளர்த்தால், அவற்றுக்குக் குடல் அழற்சி வருவதில்லை என்பதும் 1994இல் காட்டப்பட்டது.

உடனே, "அப்படியானால் பேதி கொடுத்துக் குடலைக் கழுவுகிறோம்" என்று வேறு சிலர் புறப்படுவார்கள். அதுவும் புரட்டே. கழுவினாலும் கிருமிகள் மீண்டும் பெருகிவிடும். அவற்றில் பல நாரைப் புளிக்கவைத்துக் குடற்சுவருக்கு ஆகாரம் தருகிற நண்பர்கள். அவற்றின் கூட்டு மாறுவதும், பிறவியில் அமைந்த கூறும், உடலின் தற்காப்பு சக்தி அளவுமீறிச் சண்டையிடுவதும் சேர்ந்தே நோயாகின்றன. முழுக்காரணம் இன்னும் தெரியவில்லையென்று விஞ்ஞானி ஒளிக்காமல் சொல்லுகிறான். எல்லாம் தெரியும் என்கிறவன் மருந்தெடுப்பவன் ஒருவனே.

நம் நாட்டில் குடற்காசநோயும் இதைப்போலவே தோன்றும். அதற்கு வைத்தியம் வேறு. குழாய்விட்டுப் பார்த்து, சதைத்துணுக்கைச் சோதித்தே பிரித்தறிய வேண்டும். ஆகவே, இரத்தம் போகிறவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் மந்திரவாதியிடம் இழுத்துப் போகிறவர்கள், நோயாளிக்கும் துரோகம் செய்கிறார்கள். ஒன்றுமறியாத ஒரு பெண்ணுக்கும் துரோகம் செய்கிறார்கள் என்றே சொல்லுவோம்.