பிரைமர் அடிக்காத ராக்கெட்

போன தடவை இதே சுவர்ப் பத்திரிகையில் நம் ராக்கெட் மாதிரிக்கு மாவட்ட அறிவியல் கண்காட்சியில் பரிசு கிடைக்காததைப் பற்றி ஒரு துணுக்கு வந்திருந்தது. "பெயிண்ட் அடித்தவர் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம்" என்று அதில் ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பெயிண்ட் அடித்தவன் என் நண்பன். தப்பு அவனுடையது இல்லை. வசூல் பணத்தைக் கையில் வைத்திருந்தவன் நான். "பிரைமர் எதுக்குடா? உள்ள போறது யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டவனும் நான்தான். அந்தப் பணத்தில் கலர் சீரியல் லைட் வாங்கினேன்.

நாங்கள் செய்தது பி.எஸ்.எல்.வி. ராக்கெட். உண்மையான ராக்கெட் 44 மீட்டர் உயரம். ஐம்பதில் ஒரு பங்கு அளவில் செய்ததால் எங்களுடையது 88 சென்டிமீட்டர். உடம்புக்கு பி.வி.சி. பைப், பக்கத்தில் ஒட்டும் ஆறு பூஸ்டர்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலைக்கு வாங்கும் 20 மில்லிமீட்டர் பைப் (நிஜ பூஸ்டர் 1 மீட்டர் விட்டம், கணக்கு அச்சாகப் பொருந்தியது!), மூக்குக்கு தெர்மாகோல், ஏவுதள கோபுரத்துக்கு இரும்புக் கம்பி, அடியில் பிளைவுட். ஐந்து பாகம், நாலு விதமான பொருள். எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை ஸ்பிரே டப்பா.

முதலில் போனது மூக்கு. ஸ்பிரே பட்டதும் தெர்மாகோல் பொரிந்து, குழி குழியாக உள்ளே போய்விட்டது. ஸ்பிரே பெயிண்டில் இருக்கிற கரைப்பான் அதைக் கரைத்துவிடும். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். சார்ட் பேப்பரைச் சுருட்டி மேலே மூடி சமாளித்தோம்.

பைப் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக வந்தது. நண்பன் பொறுமையாக மூன்று தடவை அடித்திருந்தான். கண்காட்சி அன்று காலையில், ஒட்டிய கொடி ஸ்டிக்கர் கோணலாக இருக்கிறதே என்று மெதுவாக எடுத்தேன். கூடவே பெயிண்டும் வந்தது. பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி கையளவுக்கு உரிந்து, கீழே சாம்பல் நிற பைப்பும் அதில் அச்சடித்த எழுத்தும் தெரிந்தன. நடுவர் வந்து, "பெயிண்ட் யாருப்பா அடிச்சது?" என்றார். நண்பன் கை தூக்கினான். நான் பேசாமல் நின்றேன்.

அந்த உரிந்த துண்டை எங்கள் தெருமுனை டிங்கரிங் கடை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் விரலால் பைப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு. பெயிண்ட் எதைப் புடிச்சுக்கிட்டு நிக்கும்?" என்றார். விஷயம் அவ்வளவுதான். பெயிண்ட் மேலே ஒரு தோலாகக் காய்கிறது. அந்தத் தோலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் இரண்டையும் பிடித்துக்கொள்கிற ஒன்று வேண்டும். அதுதான் பிரைமர்.

பிரைமர் என்று பொதுவாகக் கேட்டு வாங்கினால் ஏமாந்துபோவோம் என்பது என் கருத்து. கடையில் "பிரைமர் கொடுங்க" என்றால் பெரும்பாலும் சுவருக்கு அடிக்கிற சிமெண்ட் பிரைமரை எடுத்துக் கொடுப்பார்கள். அதை பைப்பில் அடித்தால் அதுவும் உரிந்துதான் வரும். ஆனால் தண்ணீரில் கலக்கிற அதே சிமெண்ட் பிரைமர் தெர்மாகோலுக்கு நல்லது, கரைக்காது. தெர்மாகோல் மேல் முதலில் ஃபெவிகாலில் தோய்த்த நியூஸ்பேப்பர் துண்டுகளை ஒட்டிக் காயவைத்து, பிறகு அடித்தால் இன்னும் உறுதி. இரும்புக் கம்பிக்கு ரெட் ஆக்சைடு, பிளைவுட்டுக்கு வுட் பிரைமர். பைப்புக்கு மட்டும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். வாட்டர் பேப்பர் போட்டு வழவழப்பு போகிற வரை தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு விரல் படாமல், கார் பம்பருக்கு அடிக்கிற பிளாஸ்டிக் பிரைமரை லேசாக அடிக்க வேண்டும். தேய்க்கிறதை விட்டுவிட்டு விலை உயர்ந்த பிரைமர் வாங்கிப் பிரயோஜனம் இல்லை.

இன்னொரு தப்பும் நான் செய்தேன், இது வீட்டில். என் மாமா 1:72 அளவில் நாட் விமானத்தின் பிளாஸ்டிக் கிட் வாங்கித் தந்திருந்தார். ராக்கெட்டில் பட்ட சூட்டினால் இதற்கு பிரைமரை வஞ்சனை இல்லாமல் அடித்தேன். இறக்கையில் தகடு தகடாகத் தெரிகிற மெல்லிய கோடுகள் எல்லாம் மூடிப்போயின! கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் அடித்தால், நிஜ விமானத்தில் அது 7 மில்லிமீட்டர் தடிமன். எந்த விமானத்துக்கு அப்படி பூசுவார்கள்? கிட்டுக்கு அடிப்பது தூவியது மாதிரி இருக்க வேண்டும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல், இரண்டு மூன்று தடவை. கிட் பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் பாலிஸ்டைரீன் என்ற ஒரே சாதிப் பொருள்தான், அதனால் கார் பெயிண்டின் காரமான தின்னர் அதையும் இளக்கிவிடும். பாகங்கள் கோத்து வருகிற சட்டத்தில் ஒரு மூலையில் அடித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

கிட்டுக்கென்றே தமியா, மிஸ்டர் சர்ஃபேசர் என்று ஜப்பான் பிரைமர்கள் இருக்கின்றன. சர்ஃபேசரில் 500, 1000, 1200, 1500 என்று எண் போட்டிருக்கும், எண் கூடக் கூட பூச்சு நைசு. மாமா கொடுத்த மாதிரி கிட்டுக்கு அது சரி. பள்ளி ராக்கெட்டுக்கு அதை வாங்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு டப்பா வாங்குகிற காசில் நம் ஊர்க் கடையிலேயே பாதி வேலைக்கு வேண்டியது கிடைக்கும்.

நிறம் பற்றி ரொம்பச் சண்டை வேண்டாம். சாம்பல் நிறத்தில் கீறல், பள்ளம் எல்லாம் தெரிந்துவிடும், அதனால் பொதுவாக அதுவே போதும். மஞ்சள், சிவப்பு அடிப்பதானால் மட்டும் அடியில் வெள்ளை. பளபளக்கும் வெள்ளி நிறத்துக்குக் கறுப்பு.

"கிளாஸ் ரூமிலேயே அடிச்சிரலாமே" என்று ஒரு தம்பி கேட்டான். கூடாது. அந்த வாசனை தலை சுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். வெட்டவெளியில் அடிக்கணும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கணும், சரியான மாஸ்க் போடணும். கர்ச்சீப் கட்டினால் தின்னர் வாசனை நிற்காது. மழை ஈரத்தில் அடித்தால் சில ஸ்பிரேக்கள் வெளுத்துப் பனி படர்ந்தது மாதிரி ஆகிவிடும், வெயில் நாளாகப் பார்க்க வேண்டும்.

அறிவியல் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். கண்காட்சிக்கு வசூல் பண்ணும்போது எழுதுகிற செலவுச் சீட்டில் லைட், தோரணம், சார்ட் எல்லாம் மேலே வருகிறது. பிரைமர், வாட்டர் பேப்பர் இரண்டையும் முதல் வரியில் எழுதுங்கள். மீதி இருந்தால் லைட் வாங்கலாம். வேலையையும் கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்னாடியே முடிக்கணும். நாங்கள் முதல் நாள் ராத்திரி அடித்தோம், கையில் ஒட்டியது.

ராக்கெட் இப்போது இயற்பியல் ஆய்வகத்தில் பீரோவுக்கு மேலே இருக்கிறது. வருகிற சனிக்கிழமை அதை முழுதாகச் சுரண்டி, திரும்ப அடிக்க சார் அனுமதி கொடுத்துவிட்டார். போன துணுக்கு எழுதிய அண்ணனிடமும் பேசிவிட்டேன், அந்த வரியை அடித்துவிடுவதாகச் சொன்னார். தேய்க்கிற வேலை முழுக்க என்னுடையது. பெயிண்ட் அடிக்க வருவாயா என்று நண்பனிடம் கேட்டேன். "பிரைமர் வாங்கிட்டியா, முதல்ல அதைக் காட்டு" என்கிறான்.

- பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்