திரும்பி வருபவருக்கு ஓர் இடம்

ஜப்பானில் மூன்று வருடம் வேலை பழகிவிட்டு ஊர் திரும்பும் ஒரு டர்னருக்கு ஓசூரில் என்ன சம்பளம் கிடைக்கும்? போன மாதம் ஐ.டி.ஐ. முடித்த பையனுக்குக் கிடைக்கும் அதே சம்பளம்தான். அஞ்செட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர் இப்போது என் பட்டறையில் இருக்கிறார். என்னிடம் வருவதற்கு முன் அவர் ஏறி இறங்கிய ஒரு பெரிய கம்பெனியில், “ஜப்பான்ல இருந்ததெல்லாம் சரி தம்பி, இங்க வேலை பார்த்த எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட் இருக்கா?” என்று கேட்டுவிட்டு, காண்ட்ராக்டில் ஹெல்பராகச் சேரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் பையில் ஜப்பானின் தேசியத் திறன் தேர்வில், மூன்றாம் நிலைச் செய்முறையில் தேறியதற்கான தாள் இருந்தது. நேர்முகத்துக்குக் கூப்பிட்டவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. எங்கே கொண்டுபோய்க் காட்டினால் மதிப்பு கிடைக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை.

ஓசூர் சிட்கோவில் சிறிய டூல் ரூம் வைத்திருப்பவன் நான். டை, ஜிக், ஃபிக்ஸ்சர் செய்து கொடுப்பது தொழில். தொழிற்பயிற்சி மாணவர்களையும் அப்ரண்டிஸ்களையும் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று இப்போது பல மேடைகளில் பேசுகிறார்கள். அனுப்ப வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் போவதைப் பற்றிப் பேசும் அளவுக்குத் திரும்பி வருவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. திரும்பி வருவதற்கு ஏற்பாடு இல்லாத பயணம், ஆள் பற்றாக்குறை உள்ள நாட்டுக்கு ஆள் அனுப்புவதாக முடிந்துவிடும். அதைப் பயிற்சி என்று சொல்லக் கூடாது.

அந்த இளைஞரை லேத்தில் நிறுத்திய அன்று நான் கவனித்ததைச் சொல்கிறேன். மெஷினை ஆன் செய்வதற்கு முன் ஆயில் லெவல் பார்த்தார். மைக்ரோமீட்டரைத் துடைத்து, ஜீரோ சரியாக நிற்கிறதா என்று சோதித்தார். ஒரு ஜாப் அளவு தப்பியபோது மெஷினை நிறுத்திவிட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். எங்கள் பட்டறைகளில் இது நடக்காது. ரிஜெக்ஷன் ஆன ஜாப் பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். மாதக் கடைசியில் கூட்டும்போதுதான் வெளியே வரும். திட்டு விழும் என்ற பயம்தான் காரணம். தப்பைக் காட்டுகிறவனுக்குத் திட்டு விழாத ஒரு ஷாப் ஃப்ளோரில் மூன்று வருடம் நின்றவருக்கு அந்தப் பயம் போயிருக்கிறது. அன்றே டூல் பிட்டின் கோணத்தை மாற்றினோம், மீதி ஜாப் எல்லாம் தேறியது.

இதை மெஷின் வாங்கிக் கற்றுவிட முடியாது. மெஷின் என்னிடமும் இருக்கிறது. ஃபனுக் கண்ட்ரோல், மிட்டுடோயோ அளவுக் கருவிகள், பீன்யாவில் செய்த பி.எஃப்.டபிள்யூ. மில்லிங் மெஷின். அந்த பி.எஃப்.டபிள்யூ. கம்பெனியே 1961-இல் பெர்லினின் ஃப்ரிட்ஸ் வெர்னருடன் சேர்ந்து தொடங்கப்பட்டதுதான். இரும்பு கடல் தாண்டி வந்து பல காலம் ஆகிறது. அதைக் கையாளும் பழக்கத்தை ஆள்தான் போய்க் கொண்டுவர வேண்டும்.

ஓசூருக்கு இது புதிதும் அல்ல. எழுபதுகளில் சிப்காட் வந்தபோது இது வானம் பார்த்த பூமி. இன்று இதைத் தொழில் நகரம் என்கிறோம் என்றால், வெளியிலிருந்து கற்றுக்கொள்ளத் தயங்காததும் அதற்கு ஒரு காரணம். 1984-இல் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஃபிரான்ஸ் எபோஷ் என்ற பிரெஞ்சு நிறுவனம் தொழில்நுட்பம் தந்தது. சிறிய ஊர்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்துப் பழக்கிக் கைக்கடிகாரம் கோக்க வைத்தார்கள். டி.வி.எஸ். மோட்டாருக்கு ஜப்பானியத் தர நிர்வாக ஆசான்கள் வந்து கற்றுக்கொடுத்தார்கள். 2002-இல் அந்த நிறுவனம் டெமிங் விருதும் வாங்கியது. ஆசான் இங்கே வருவதும், மேனேஜரும் இன்ஜினியரும் அங்கே போய்ப் பார்த்து வருவதும் பெரிய கம்பெனிகளால் முடிந்த காரியம். மெஷின் முன் நிற்கும் அப்ரண்டிஸுக்கு அந்தப் பயணம் கிடைப்பது அரிது. சிட்கோவில் பத்துப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு ஓடும் பட்டறையில் முதலாளிக்கே கிடைப்பதில்லை.

அந்தப் பட்டறைகளுக்குத்தான் இப்போது அவசரம். போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தர், டி.வி.எஸ்ஸின் ஐக்யூப் என்று நம் மாவட்டமே மின்சார வண்டிக்கு மாறிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் இன்ஜினுக்கு வால்வும் பிஸ்டன் பின்னும் கார்புரேட்டர் பாகமும் செய்து பிழைத்தவர்கள் அடுத்து என்ன செய்வது என்று சங்கக் கூட்டங்களில் கேட்கிறார்கள். கன்சல்டன்ட் வைத்துக் கற்க அவர்களிடம் பணம் கிடையாது. ஆறு மாதம் வெளியே நின்று பழகிய ஒரு பையன் திரும்பி வந்தால், அவனோடு நிற்கும் மற்ற நான்கு பேரும் கற்றுக்கொள்வார்கள்.

சரி, இப்போது என்ன வழிகள் இருக்கின்றன? 2017 அக்டோபரில் இந்தியாவும் ஜப்பானும் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டன. 2021 ஜனவரியில் குறிப்பிட்ட திறன் தொழிலாளர்களுக்கான ஒப்பந்தம். ஜெர்மனியோடு 2022 டிசம்பரில் இடப்பெயர்வு ஒப்பந்தம். 2024 அக்டோபரில் இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கான ஆண்டு விசாவை 20,000-லிருந்து 90,000-ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. எல்லாம் நல்ல கதவுகள். நம் பிள்ளைகள் அவற்றின் வழியாகப் போகட்டும், சம்பாதிக்கட்டும். ஆனால் அந்தக் கதவுகளைத் திறந்த தேவை அந்த நாடுகளுடையது. அங்கே வயதானவர்கள் கூடிவிட்டார்கள், வேலைக்கு ஆள் இல்லை.

ஜப்பான் திட்டத்தின் கதையை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். 1993-இல் அதைத் தொடங்கியபோது சொன்ன நோக்கம், வளரும் நாடுகளின் இளைஞர்கள் திறமை கற்றுத் தம் நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது. நடைமுறையில் அது மலிவான கூலிக்கு ஆள் பிடிக்கும் வழியாகப் பல இடங்களில் மாறியது. சேர்ந்த முதலாளியைவிட்டு மாற முடியாது. வரும்போதே ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் தலைமேல் இருக்கும். சகிக்க முடியாமல் வேலையிடத்தை விட்டு ஓடியவர்கள் 2023-இல் மட்டும் ஒன்பதாயிரத்துக்கும் மேல். கடைசியில் ஜப்பான் நாடாளுமன்றமே 2024 ஜூனில் சட்டம் இயற்றி, இதை மூடிவிட்டு 2027-இல் வேறு திட்டம் கொண்டுவர முடிவு செய்தது. புதியதில், குறித்த காலத்துக்குப் பிறகு வேலையிடம் மாறலாம். என் பட்டறை இளைஞருக்கு நல்ல முதலாளி வாய்த்தார். அது அவருடைய நல்ல நேரம். நல்ல நேரத்தை நம்பி ஓர் அரசு திட்டம் போட முடியாது.

கடன் என்றதும் தேன்கனிக்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நினைவுக்கு வருகிறது. பையனை வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப ஓர் ஏஜென்டிடம் லட்சக்கணக்கில் கட்டினார்கள். வீட்டுப் பத்திரம் அடகில் இருக்கிறது, பையனும் வீட்டில்தான் இருக்கிறான். நம் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும்தான். தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. இந்த இரண்டும் அந்தப் பையனின் அம்மாவுக்குத் தெரியாது. ஐ.டி.ஐ. வாசலில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஐரோப்பாவில் வேறு மாதிரி செய்கிறார்கள். எராஸ்மஸ் என்றால் நமக்குக் கல்லூரி மாணவர்களின் உதவித்தொகைதான் ஞாபகம் வரும். ஆனால் தொழில் பழகுகிறவர்களுக்காக அங்கே 1995-இலேயே லியோனார்டோ டா வின்சி பெயரில் திட்டம் தொடங்கி, 2014 முதல் எராஸ்மஸ் பிளஸ்ஸின் பகுதியாக நடக்கிறது. ஸ்பெயினில் வெல்டிங் பழகும் பெண் ஜெர்மனியில் ஒரு பட்டறைக்குப் போகலாம். குறைந்தது 10 நாள், கூடினால் ஓராண்டு. பயிற்சி முடித்து ஓராண்டுக்குள் இருப்பவர்களும் போகலாம். பயணத்துக்கும் தங்குவதற்கும் பணம் தருகிறார்கள். இளையவர்களோடு கூடப் போகும் ஆசிரியருக்கும் தருகிறார்கள். போவதற்கு முன்பே, என்ன கற்க வேண்டும் என்பதை அனுப்புகிறவர், வரவேற்கிறவர், போகிறவர் மூவரும் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். திரும்பி வந்ததும் கற்றதைப் பதிந்து, ஐரோப்பா முழுக்கப் புரியும் ஒரே வடிவில் ஆவணம் தருகிறார்கள். என் பட்டறை இளைஞர் பையில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அந்தக் கம்பெனி அவரை ஹெல்பர் வேலைக்குக் கேட்டிருக்காது.

நம் அரசுக்கு இந்த எண்ணம் அந்நியம் இல்லை. 2024 ஜூனில் நான் முதல்வன் திட்டத்தில் 25 கல்லூரி மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாரப் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் வெளிநாட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். விமான ஜன்னலில் அந்தப் பிள்ளைகளின் முகம் பத்திரிகையில் வந்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. அதே நியாயம் ஃபிட்டருக்கும் டர்னருக்கும் உண்டு என்றுதான் கேட்கிறேன். 71 அரசு ஐ.டி.ஐ.க்களைப் புதுப்பிக்க டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஓர் ஐ.டி.ஐ.க்குச் சராசரியாக நாற்பது கோடி. ரோபோவும் சி.என்.சி.யும் வந்திருக்கின்றன, சந்தோஷம். அந்த மெஷின்கள் முழு வேகத்தில் ஓடும் இடத்தில் நின்று பழக, அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை ஆட்களுக்காகவும் எடுத்து வைக்கலாம்.

இதைச் சொன்னால் எங்கள் ஆட்களே முதலில் கேட்பது, “நாம பழக்கி விடறோம், போனவன் திரும்பி வரலன்னா?” என்றுதான். நியாயமான பயம். ஆனால் இப்போதும் அவன் நம்மிடம் நிற்கிறானா? இரண்டாயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவுக்குப் போய்விடுகிறான். காலை ஏழு மணி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் தெரியும். அவனை நிறுத்தி வைக்க நம்மிடம் இருப்பது சம்பளமும் மரியாதையும்தான். வெளியே போய் வந்தவனுக்கு இரண்டையும் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுப்போம். ஜாப் தேறினால் அந்தக் காசு தானாக வரும்.

சட்டத்தில் பிடிப்பு வேண்டும். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ், 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். நான் விருப்பத்தில் எடுக்கிறவன். உதவித்தொகையில் கால் பங்கு, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. வெளிநாட்டில் கழிக்கும் மூன்று மாதமோ ஆறு மாதமோ அதே ஒப்பந்தத்தின் பகுதியாக எழுதப்பட வேண்டும். அந்த மாதங்களுக்கும் உதவித்தொகை ஓட வேண்டும். காப்பீடு வேண்டும். திரும்பும் நாளில் அவர் இடம் அவருக்கு இருக்க வேண்டும். கற்றுவந்ததைச் சோதித்து, இங்குள்ள கம்பெனிகள் ஏற்கும் சான்றிதழை மாநிலத் திறன் மேம்பாட்டுக் கழகம் தர வேண்டும். பெரிய கம்பெனிகள் தங்கள் வெளிநாட்டுக் கூட்டாளிகளிடமும் சப்ளையர்களிடமும் ஆளுக்கு இரண்டு இடம் கேட்டு வாங்கித் தரலாம். அவர்கள் கேட்டால் கிடைக்கும். நான் கேட்டால் கிடைக்காது.

மொழியும் இருக்கிறது. ஜெர்மன் கற்க வேண்டுமானால் மாக்ஸ்முல்லர் பவன் பெங்களூரு இந்திராநகரில். ஷிஃப்ட் முடித்துவிட்டு, சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி எந்தப் பையன் மாலை வகுப்புக்குப் போவான்? வகுப்பு ஓசூருக்கு வர வேண்டும், ஐ.டி.ஐ. கட்டடத்திலேயே, ஷிஃப்ட்டுக்குத் தகுந்தபடி. நம் பிள்ளைகளுக்கு மொழி பயமில்லை. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், எல்லையில் கன்னடம் என்று பேசி வளர்ந்தவர்கள். ஜெர்மனோ ஜப்பானிய மொழியோ, யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் பட்டறையில் குவாலிட்டி பார்க்கும் பெண்ணின் அம்மா, “அவ்ளோ தூரம் பொண்ண அனுப்பினா ஊரு என்ன சொல்லும் சார்?” என்றார். கேளமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸுக்கு ஜார்க்கண்டிலிருந்து ரயிலேறி வந்த பெண்களை அவரே பார்த்திருக்கிறார். அவர்களுடைய அம்மாக்களும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். குழுவாக அனுப்பி, கூடவே ஒரு பயிற்றுநர் அம்மாவையும் அனுப்பினால், ஊருக்குப் பதில் சொல்வது வீட்டுக்காரர்களுக்குச் சுலபமாகும்.

முதல் குழு பெரிதாக இருக்க வேண்டாம். ஓசூர், கிருஷ்ணகிரி ஐ.டி.ஐ.க்களிலிருந்தும் சிட்கோ பட்டறைகளிலிருந்தும் இருபது பேர், அவர்களில் பாதிப் பேராவது பெண்கள். என் பட்டறையிலிருந்து அந்தக் குவாலிட்டிப் பெண்ணை அனுப்பத் தயார். அவர் போகும் நாளிலேயே, திரும்பியதும் இதே வேலை, கூடின சம்பளம் என்று முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் அம்மா கையில் கொடுக்கிறேன். அந்தப் பெண்ணை அனுப்ப எந்த அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுவது என்று அரசு சொல்லட்டும்.