'ரெண்டும் 15டபிள்யூ-40 தானே?' பிஎஸ்-6 லாரிக்கு பழைய ஆயில் ஊற்றினால் என்ன ஆகும்?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 விதி. அதற்குப் பிறகு வாங்கிய லாரியும், பழைய பிஎஸ்-3, பிஎஸ்-4 லாரியும் ஒரே ஷெட்டில் நிற்கும்போது, ஒரே பேரல் ஆயிலை எல்லாத்துக்கும் ஊற்றிவிடுவது வழக்கம். "ரெண்டும் 15டபிள்யூ-40 தானே, என்ன ஆகப் போகுது?" என்பார்கள். எஞ்சினுக்கு உடனே ஒன்றும் ஆகாதுதான். அடி விழுவது சைலன்சர் பக்கம்.

சைலன்சரில் அப்படி என்ன இருக்கு?

பெரும்பாலான பிஎஸ்-6 லாரிகளில் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி உண்டு. டீசல் எரிந்து வரும் கரியை இது பிடித்து வைத்து, சூட்டில் தானே எரித்துவிடும். ஆனால் எஞ்சினுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக எரியும் ஆயிலில் இருந்து வரும் சாம்பல் அப்படி இல்லை. கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் எல்லாம் கலந்த சாம்பல் அது. எவ்வளவு சூடாக்கினாலும் எரியாது, உள்ளேயே தங்கிவிடும். வடிகட்டி அடைத்தால் மைலேஜ் குறையும், வண்டி இழுக்காது, டேஷ்போர்டில் விளக்கு எரியும். கழற்றி சுத்தம் செய்யணும், இல்லைன்னா மாத்தணும். செலவு சின்னது இல்லை.

அப்போ பழைய ஆயில் மட்டமானதா?

இல்லை. அந்தக் காலத்து டீசலில் கந்தகம் அதிகம். அதனால் உருவாகும் அமிலத்தை அடக்க அந்த மருந்துகள் ஆயிலில் நிறைய தேவைப்பட்டன. இப்போது டீசலில் கந்தகம் 10 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது. பிஎஸ்-4 டீசலில் 50 வரை அனுமதி இருந்தது. அவ்வளவு மருந்து இனி தேவையில்லை.

கேனில் எதைப் பார்க்கணும்?

15டபிள்யூ-40 என்பது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதை மட்டுமே சொல்லும். பார்க்க வேண்டியது ஏபிஐ குறியீடு. சிஐ-4 என்றால் சாம்பலுக்கு உச்சவரம்பே கிடையாது. சிகே-4 என்றால் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ரெண்டுமே 15டபிள்யூ-40 ஆகக் கிடைக்கும். குழப்பமே இங்கேதான்.

ஒரே பேரல்தான் வாங்க முடியும் என்றால் சிகே-4 வாங்குங்கள். சிஐ-4 கேட்கும் பழைய எஞ்சினுக்கும் அதை ஊற்றலாம். விலை கொஞ்சம் கூடும், ஆனால் பேரல் மாறி ஊற்றும் வம்பு இருக்காது. எஃப்ஏ-4 என்ற மெல்லிய ஆயில் வேறு ரகம். லாரி கையேட்டில் அந்தப் பெயர் இருந்தால் தவிர தொடாதீங்க. சில கம்பெனிகள் ஏபிஐ குறியீட்டோடு தங்கள் சொந்த ஒப்புதல் எண்ணையும் கேட்கும். அதுவும் கையேட்டில் இருக்கும். வாரண்டி உள்ள வண்டி என்றால் அந்த எண்ணும் கேனில் இருக்கணும், பில்லும் பத்திரமா இருக்கணும்.

இன்னொன்று, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாக ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீங்க. சில எஞ்சின்கள் கரியை எரிக்க சிலிண்டருக்குள் கூடுதல் டீசல் பீய்ச்சும். அது கீழே இறங்கி ஆயிலில் கலந்திருக்கலாம். அப்படி நீர்த்துப்போன ஆயிலோடு வண்டியை லோடுக்கு அனுப்பாமல், முதலில் சர்வீஸில் காட்டுங்க.