கீர்த்தியும் பேரேடும்

ஒரு வியாபார ஸ்தாபனத்தின் கீர்த்தி அதன் பேரேட்டில் எந்தப் பக்கத்திலும் எழுதப்படுவதில்லையாயினும், அது குறையத் தொடங்கியபின் எல்லாப் பக்கங்களும் அதனையே பேசும் என்பதற்கு அமெரிக்காவின் டெல் கம்பெனியின் சரித்திரம் தக்கதொரு திருஷ்டாந்தமாகும்.

1984-இல் டெக்சாஸ் சர்வகலாசாலை விடுதி அறையொன்றில், ஆயிரம் டாலர் மூலதனத்துடன் மைக்கேல் டெல் என்னும் மாணவர் தொடங்கிய அத்தொழில், இடைத்தரகரை விலக்கி, வாங்குவோர் கேட்டவண்ணம் கணினியைச் செய்து நேரே அனுப்பும் முறையினால் உலகில் முதல் ஸ்தானத்தை எட்டியது. ஆனால், செலவைக் குறைப்பதொன்றே சாமர்த்தியம் என்ற எண்ணம் மேலோங்கி, வாடிக்கையாளரின் குறைகேட்கும் சேவையிலும் அந்தச் சிக்கனம் புகுந்தபோது, ஜனங்களின் விசுவாசம் மெல்லக் கரைந்தது. 2006 ஆகஸ்டில், தீப்பற்றும் அபாயம் கருதி, சோனி தயாரித்த கலங்களைக் கொண்ட சுமார் 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. அவ்வாண்டிலேயே போட்டிக் கம்பெனியான ஹ்யூலெட்-பேக்கார்டு கணினி விற்பனையில் டெல்லை முந்திற்று. 2007 ஜனவரியில் ஸ்தாபகரே மீண்டும் தலைமையை ஏற்றும் பழைய கணக்கு தீரவில்லை. கணினிச் சில்லுகளைச் செய்யும் இன்டெல் கம்பெனியிடமிருந்து பெற்ற தொகைகளை முதலீட்டாளர்க்கு உள்ளவாறு அறிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டை, ஒப்பாமலும் மறுக்காமலும், 2010-இல் 10 கோடி டாலர் செலுத்தி டெல் கம்பெனி முடித்துக்கொண்டது.

பங்கு வாங்கியவரும் மடிக்கணினி வாங்கியவரும் வெவ்வேறு மனிதராகத் தோன்றினாலும், இருவரும் கம்பெனிக்கு அளித்த முதல் நம்பிக்கையே. அதனைச் செலவுக் கணக்கில் எழுதுகிறவன் லாபத்தைக் காண்பது சொற்ப காலமே.