விலை பேச முதல் கண்ணிகளை எண்ணுவோம்

நுவரெலியாவுக்குப் போகிற எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம். குளிரில் நடுங்கிக்கொண்டு ஸ்வெட்டர் கடைகளுக்குள் புகுந்து விலை கேட்டோம். ஒரு அக்கா கையால் பின்னிய குழந்தைச் சட்டைகளை விரித்து வைத்துவிட்டு, அடுத்ததைப் பின்னிக்கொண்டிருந்தார். கையில்லாத சின்னச் சட்டை ஒன்று 1,200 ரூபாய். “நூல்தானே அக்கா, குறைச்சுத் தாங்களேன்” என்று விடாமல் நின்று 900 ரூபாய்க்கு வாங்கினோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் எதையோ வென்ற மாதிரிப் பெருமை வேறு.

அந்தப் பெருமை அதிக நாள் நிற்கவில்லை. எங்களில் ஒருத்தியின் அக்காவுக்குப் பிள்ளை கிடைத்தது. இந்த முறை நாங்களே பின்னுவோம் என்று நூலும் ஊசியுமாக கன்டீன் மேசையில் உட்கார்ந்தோம். மலையகத்து நண்பி ஒருத்தியின் அம்மா போனில் சொன்ன கணக்கு லேசாகத்தான் இருந்தது. 4 மில்லிமீற்றர் ஊசி, நடுத்தரத் தடிப்பு நூல், 50 கண்ணி, 100 வரிசை. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. எல்லா வரிசையையும் ஒரே மாதிரிப் பின்னினால் ஓரம் சுருளாது. தோளையும் பக்கங்களையும் மூட்டினால் சட்டை.

“ஏன் அம்மா கை வைக்கல?” என்று கேட்டோம். “கை வச்சா மூணு மாசத்துல கட்டையாகிடும். இல்லாட்டி இன்னும் கொஞ்ச காலம் போடலாம். புள்ள தவழவும் லேசு” என்றார். ஓட்டை ஓட்டையாகப் பூப்பின்னல் வேண்டாம், பிள்ளையின் விரல் மாட்டும். கழுத்தில் நீளக் கயிறும் வேண்டாம். மிஸ்ட் விழுகிற ஊரில் துணி காய நாளாகும், அதனால் சீக்கிரம் காய்கிற நூலாகப் பார்த்து எடுங்கள் என்றும் சொன்னார். “நூல்தானே” என்று நாங்கள் தள்ளிவிட்டதுக்குள் இவ்வளவு யோசனை இருந்தது.

இனி எங்கள் கணக்கு. 50 கண்ணி, 100 வரிசை, இரண்டு பக்கம். மொத்தம் 10,000 கண்ணி. கைக்கும் கழுத்துக்கும் குறைப்பதைக் கழித்தாலும் 9,000 வரும். கை பழகியவர் நிமிடத்துக்கு 20 கண்ணி போட்டால் ஏழரை மணித்தியாலம். மூட்டி, நூல் நுனிகளை மறைத்து முடிக்க எட்டு. எங்களுக்கு நூலுக்கே 400 ரூபாய் போனது. அப்படிப் பார்த்தால், அந்த அக்காவின் ஒரு முழு நாள் உழைப்புக்கு நாங்கள் கொடுத்தது 500 ரூபாய்.

1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காகத் தோட்டத் தொழிலாளர் போராடியபோது முகநூலில் படம் மாற்றியவர்கள் நாங்கள். விரிவுரையில் உழைப்புச் சுரண்டல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களும் நாங்கள்தான். கொழுந்து பறிக்கிற கையின் உழைப்பு எங்களுக்குத் தெரிந்தது. அதே கை ஊசி பிடித்தால் ‘பொழுதுபோக்கு’ என்று எப்படி நினைத்தோம்? வீட்டில் அம்மாமார் எங்களுக்குச் சும்மாவே பின்னித் தந்ததால், யார் பின்னினாலும் சும்மாதான் என்று பழகிவிட்டோம் போல.

“நீங்களும் ஸ்ரூடன்ட்ஸ், உங்களிட்ட என்ன காசா கொட்டிக் கிடக்குது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காசில்லாவிட்டால் மெஷினில் செய்ததை வாங்குவோம், அதில் பிழையில்லை. கையால் செய்ததுதான் வேண்டும், விலை மட்டும் மெஷின் விலையாக இருக்கவேண்டும் என்பதுதான் பிழை.

பின்னும்போது எங்கள் பொடியன்மாரைப் பார்த்து “என்னடா, பொம்பிளை வேலை பாக்கிறியள்?” என்று சிரித்தவர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். வந்து நாலு வரிசை பின்னிப் பாருங்கள். தப்பின ஒரு கண்ணியைத் தேடிப் பிடிக்கிறதுக்குள் சிரிப்பு நின்றுவிடும்.

எங்கள் சட்டை முடிய மூன்று கிழமை எடுத்தது. ஒரு பக்கக் கைவாசல் பெரிதாகிவிட்டது. பிள்ளைக்கு அது பிரச்சினையில்லை, நன்றாகத்தான் தவழ்கிறது. அடுத்த முறை நுவரெலியாவுக்குப் போனால், அந்த அக்காவிடம் முதலில் “இதைப் பின்ன எத்தனை நாள் எடுத்தது?” என்று கேட்போம். விலையை அதற்குப் பிறகு கேட்கலாம்.