ஊருக்குப் போறீங்களா? வீட்டுல விஷம் வைக்காதீங்க!

கோடை லீவு விட்டாச்சுன்னா நம்ம மக்கள் பெட்டியைக் கட்டிடுவாங்க. பால்காரருக்குச் சொல்லியாச்சு, பேப்பரை நிறுத்தியாச்சு, காஸை மூடியாச்சு, பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்தாச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு வேலை பண்ணுவாங்க பாருங்க... மூலைக்கு மூலை எலி மருந்து, சமையல்கட்டு முழுக்க கரப்பான் ஸ்ப்ரே! "நாமதான் வீட்டுல இல்லையே, திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் செத்துடும்"னு ஒரு கணக்கு.

என்னைக் கேட்டா, பூட்டுற வீட்டுல விஷம் வைக்கிறது மாதிரி விபரீதம் வேற இல்லை.

2024 நவம்பர்ல சென்னையை அடுத்த குன்றத்தூர்ல நடந்ததை மறந்திருக்க மாட்டீங்க. எலித் தொல்லைன்னு ஆளைக் கூப்பிட்டு வீட்டுல மருந்து வச்சாங்க. ராத்திரி கதவை அடைச்சு ஏசி போட்டுத் தூங்கின குடும்பத்துல ரெண்டு சின்னப் பிள்ளைங்க போயிடுச்சு. அப்பா அம்மா ஆஸ்பத்திரியில. அவங்க ஊருக்குப் போகலை, வீட்டுலதான் இருந்தாங்க. ஆனா விஷயம் ஒண்ணுதான்: மருந்தும் அடைச்ச வீடும் சேரக்கூடாது. ஒரு ராத்திரி அடைச்ச ரூமே இப்படின்னா, பத்து நாள் அடைச்சுக் கிடக்குற வீட்டை யோசிச்சுப் பாருங்க.

எலி மருந்துன்னு பொதுவாச் சொல்லிடறோம், ஆனா எல்லாம் ஒண்ணு இல்லை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இருக்கே, அது காத்துல இருக்குற ஈரம் பட்டாலே பாஸ்பீன்ங்கிற வாயுவை விடும். குடோன்ல தானியத்துக்குப் புகை போடுறதுக்கான சரக்கு அது, குடியிருக்குற வீட்டுக்கு இல்லை. சில நேரம் பூண்டு வாசனை, அழுகின மீன் வாசனை வரும். வாசனையே தெரியாமலும் போகலாம். உள்ள போயிடுச்சுன்னா முறிவு மருந்து கிடையாது.

"நாங்க அதெல்லாம் வைக்கலைப்பா, கடையில விக்கிற கேக்தான்"னு சொல்றீங்களா? சரி. அது ரத்தம் உறையாம பண்ணிக் கொல்ற மருந்து. தின்ன எலி அங்கேயே விழாது, மூணு நாலு நாள் கழிச்சுத்தான் சாகும். தண்ணி தேடி வெளியில போய்த்தான் சாகும்னு காலங்காலமா ஒரு நம்பிக்கை உண்டு. அதெல்லாம் சும்மா! பரண் மேல, பீரோ பின்னாடி, பால்ஸ் சீலிங்குக்குள்ள, எங்க சௌகரியமோ அங்கதான். நீங்க குலதெய்வம் கோயில்ல பொங்கல் வைக்கிற நேரத்துல இங்க அது நாறிக்கிட்டிருக்கும் :-)

இன்னொண்ணு, யாரும் யோசிக்கிறதில்லை. பூட்டின வீட்டை முதல்ல திறக்கிறது பல நேரம் நாம இல்லை. செடிக்குத் தண்ணி ஊத்த சாவி வாங்கி வச்சிருக்கிற எதிர் வீட்டு மாமி, இல்லைன்னா நாம வர்றதுக்கு முதல் நாள் பெருக்கித் துடைக்க வர்ற அக்கா. எந்த மூலையில என்ன வச்சிருக்கோம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நம்ம வீட்டு எலிக்கு அவங்க ஏன் விலை கொடுக்கணும்?

அப்ப என்னதான் பண்றதுங்கிறீங்களா? பூச்சிக்கும் எலிக்கும் நம்ம வீடு பிடிச்சுப்போகக் காரணம் மூணுதான்: சோறு, தண்ணி, சந்து. மூணையும் எடுத்துட்டா விஷத்துக்கு அனேகமா வேலையே இல்லை.

சோறு: குப்பைத்தொட்டியைக் காலி பண்றது எல்லாருக்கும் தெரியும். மிக்ஸிக்கு அடியில, ஸ்டவ்வுக்குக் கீழ சிந்தினதை யார் துடைக்கிறது? உருளைக்கிழங்கு, வெங்காயக் கூடையை யாருக்காவது கொடுத்துடுங்க. அரிசி பருப்பு பிளாஸ்டிக் கவர்ல இருந்தா எவர்சில்வர் டப்பாவுக்கு மாத்துங்க. சாமி ரூமை மறந்துடாதீங்க. பிரசாதம் மட்டுமில்லை, எண்ணெய் ஊறின திரியையும் எலி இழுத்துட்டுப் போகும். விளக்கைத் துடைச்சு வச்சுட்டுக் கிளம்புங்க, சாமி கோவிச்சுக்காது.

தண்ணி: சமையல்கட்டுல ஓடுற சின்னக் கரப்பான் இருக்கே, தண்ணி மட்டும் கிடைச்சா சோறே இல்லாம ஒரு மாசம் ஓட்டும். தண்ணி இல்லைன்னா ரெண்டு வாரம் தாங்குறதே கஷ்டம். அதனால ஒழுகுற குழாய்க்கு வாஷர் மாத்துங்க, சிங்க்கைத் துடைங்க. அப்புறம் கொசு. டெங்குக் கொசு முட்டையில இருந்து கொசுவா ஆக எட்டுப் பத்து நாள் போதும், அதாவது உங்க டூர் முடியறதுக்குள்ள! ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்குற தண்ணித் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில இருக்குற தட்டு, மூடாத பக்கெட் எல்லாத்தையும் கொட்டிட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க. சும்மா கொட்டினா போதாது, ஓரத்துல ஒட்டின முட்டை காய்ஞ்சே மாசக்கணக்குல உயிரோட இருக்கும். ஃப்ளஷ் டேங்கைக் காலி பண்ணுங்க, கமோடை மூடிடுங்க.

பாத்ரூம் தரையில ஜாலிக்குக் கீழ நிக்கிற தண்ணியை மட்டும் வத்த விடக்கூடாது. சாக்கடைக்கும் நமக்கும் நடுவுல அதுதான் கதவு. கிளம்பும்போது ஒரு சொம்புத் தண்ணி ஊத்தி, மேல ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்க, சீக்கிரம் ஆவியாகாது. ஜாலி மேல பிளாஸ்டிக் ஷீட் போட்டு ஒரு கல்லையும் வச்சிடுங்க.

சந்து: சுண்டுவிரல் நுழையுற ஓட்டை சுண்டெலிக்கு ராஜபாட்டை. ஏசி பைப் போற ஓட்டை, சிங்க் குழாய் சுவத்துக்குள்ள போற இடம், எக்ஸாஸ்ட் ஃபேன், வாசக்கதவுக்கு அடியில இருக்குற இடைவெளி. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணிச்சு மேல சிமெண்ட் பூசுங்க, எலியால கடிச்சுத் துப்ப முடியாது. கதவுக்கு ரப்பர் பட்டி. எல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. (எங்க வீட்டுல இதுக்கு மேஸ்திரி தங்கமணி, சித்தாள் நான்.)

"எங்க வீட்டுல ஏற்கெனவே எலி குடித்தனமே நடத்துதே"ங்கிறவங்களுக்கு: பொறி வைங்க, தேங்காய்ச் சில்லு மாட்டுங்க. ஆனா ஊருக்குப் போறதுக்கு முன்னாடி, தினமும் பார்க்க ஆள் இருக்கும்போது. ஆளைக் கூப்பிட்டு மருந்து வைக்கிறதா இருந்தாலும் அப்படித்தான். மருந்து பேர் என்ன, எங்கெங்க வச்சாங்க, எத்தனை மணி நேரம் உள்ள போகக்கூடாதுன்னு எழுதி வாங்குங்க. சொல்லத் தயங்கினா வாசலோட அனுப்பிடுங்க. வேலை முடிஞ்சு மிச்சத்தை அள்ளி, ஜன்னலைத் திறந்து காத்தோட விட்டப்புறம்தான் பெட்டி கட்டுறதெல்லாம்.

வர்றப்போ ஓசியில ஒட்டிக்கிட்டு வர்ற கோஷ்டியும் ஒண்ணு உண்டு: மூட்டைப்பூச்சி. லாட்ஜ்ல பெட்டியைக் கட்டில் மேல வைக்காதீங்க. வீட்டுக்கு வந்ததும் துணியை நேரா சுடுதண்ணியில போடுங்க. ரத்தம் குடிக்காமலே மாசக்கணக்குல கிடக்கும் அது, வீட்டைப் பூட்டிப் பட்டினி போட்டும் விரட்ட முடியாது.

நாலு கரப்பான் மிச்சம் இருந்தா இருந்துட்டுப் போகுது மக்கா, வந்து செருப்பால அடிச்சுக்கலாம். கதவைத் திறந்து உள்ள போற ஆளு பத்திரமா இருக்கணும், அதுதான் முக்கியம்.